உப்புப் பங்களாவில் இரண்டு ராத்திரி

உட்காருங்க தம்பி. ஆள் வராது. இந்த சீட்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். "கூட யாரு பெரியவரே?" என்று கண்டக்டர் கேட்டான். வருவாள் என்றேன். ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தி வைத்தான், பாவம். அதற்கு மேல் அவன் என்ன செய்வான். எடுத்துவிட்டான்.

வீட்டுக்காரிதான். பங்களாவிலேயே உட்கார்ந்துகொண்டாள். நாளைக்கு வருவாள். எங்கே போகப்போகிறாள்.

நீங்கள் எதுவரைக்கும்? திருநெல்வேலியா? சரி. நானும் அங்கே இறங்கிக் கோவில்பட்டி வண்டி பிடிக்க வேண்டும்.

ஏறின இடத்தில் பார்த்திருப்பீங்களே, முனையில் மஞ்சள் சுவரும் தடித் தூணுமாக ஒன்று நிற்குமே. ஊர்க்காரன் உப்புப் பங்களா என்பான். போர்டில் வேறு ஏதோ பேர், வாயில் நுழையாது. இருநூற்று ஐம்பது வருஷக் கட்டடமாம். டச்சுக்காரன் கட்டினான், வெள்ளைக்காரன் பிடுங்கினான், அப்புறம் உப்பு இலாகா ஆபீஸ், அப்புறம் வௌவால். இப்போது ஓட்டல். வௌவால் இன்னும் காலி பண்ணவில்லை. நான் பார்த்தேன்.

மகன் செய்த வேலை. மஸ்கட்டில் இருக்கிறான். "கல்யாணமாகி நாப்பத்தியொரு வருசம் ஆச்சுப்பா, அம்மாவக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போங்க" என்று அங்கேயிருந்தே மூன்று ராத்திரிக்கு ரூம் போட்டுவிட்டான். கோவில்பட்டிக்கும் கடலுக்கும் என்ன பெரிய தூரம்? காட்ட வேண்டும் என்றால் நான் காட்டியிருக்க மாட்டேனா? சர்வீஸில் இருந்தவரை நேரம் இல்லை. ரிட்டயர் ஆனபிறகு அவசியம் இல்லை.

நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். முப்பத்திரண்டு வருஷம். ஓட்டல், பரோட்டாக் கடை, திருவிழாக் கடை, கல்யாண மண்டபம், ஒன்றும் விட்டதில்லை. பழசு வைத்திருந்தால் பேச்சே கிடையாது. பினாயில். அப்படியே ஊற்றிவிடுவேன். கொட்டச் சொன்னால் கொட்ட மாட்டான் தம்பி, நான் தெருமுனை திரும்பினதும் சூடு பண்ணி விற்பான். பினாயில் ஊற்றினால் முடிந்தது. எனக்குப் பேரே பினாயில் சார். என் காது படவே சொல்வான்கள். சொல்லட்டும்.

மச்சினன் கல்யாணத்தில் பாயசத்தைக் கொட்ட வைத்தேன். இன்றுவரைக்கும் அவன் என்னோடு பேசுவதில்லை. அந்தக் கல்யாணத்தில் ஒருத்தனுக்காவது வயிற்றால் போச்சா? அதை மட்டும் எவனும் சொல்ல மாட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினோம். வாசலில் ஒரு பெண் பனையோலைப் பட்டையில் பதநீர் நீட்டினாள். முகர்ந்து பார்த்தேன். வைத்துவிட்டேன். இவள் குடித்தாள். என் பங்கையும் வாங்கிக் குடித்தாள்.

ரூமுக்கு நம்பர் கிடையாது. பேர். செத்துப்போன கப்பல்காரன் பேர் ஒவ்வொரு கதவிலும். நாற்காலிக்குப் பேர். மேஜைக்குப் பேர். மேலே கயிற்றில் ஒரு பாய் தொங்குகிறது, அந்தக் காலத்து விசிறியாம், இழுக்க ஆள் இல்லை, தூசி மட்டும் விழுகிறது. உப்பு நிறுத்த தராசு ஒன்று மூலையில் துருப்பிடித்து நிற்கிறது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான்கள். துருவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

சுவரில் கை வைத்தேன், ஈரம். நகத்தால் சுரண்டினேன், பொலபொலவென்று உதிர்ந்தது. மேனேஜர் ஓடி வந்தான். சின்னப் பையன், வெள்ளை வேட்டி, பேர் ஃபெலிக்ஸ்.

"சார், அது சுண்ணாம்புச் சாந்து சார். ஒரிஜினல். சுரண்டாதீங்க."

"ஒரிஜினல் ஈரமா?"

"கடல் காத்து சார். செவுரு மூச்சு விடும்."

சுவர் மூச்சு விடுகிறதாம். த்தூ. நகராட்சிக் கக்கூஸ் சுவர்கூட அப்படித்தான் மூச்சு விட்டது. நான் அதற்கு நோட்டீஸ் கொடுத்தேன்.

குளிக்கிற அறையில் நாலு கால் வைத்த இரும்புத் தொட்டி. எத்தனை பேர் கிடந்த தொட்டியோ. நான் எங்கே போனாலும் பெட்டியில் ஒரு குப்பி பினாயில் கொண்டுபோவேன். தொட்டியைக் கழுவி, தரையைக் கழுவி, கதவுப் பிடியைத் துடைத்து முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வெளியே வந்து பார்த்தால் இவளைக் காணோம்.

கடலில் நிற்கிறாள் தம்பி. முழங்கால் தண்ணியில். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அறுபத்து நாலு வயசு. பக்கத்தில் இன்னொருத்தி, அவளுக்கு ஒரு ஐம்பது இருக்கும், ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்கு அலை கத்துகிறார்கள். கரையில் நாய் அசிங்கம், அழுகின மீன் தலை, வலைத் துண்டு. அதைத் தாண்டித்தான் போயிருக்கிறாள்.

"ஏட்டி, மேல வா. கால் பூரா கிருமி."

அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றாள் பிறகு. கேட்டிருக்கும்.

அந்த ஐம்பது வயசுக்காரிதான் பங்களாச் சமையல்காரி. ஜெசிந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்த கடற்கரைக்காரி. வாய் மூடாது. அரை மணி நேரத்தில் இவளுக்கு அவள் தங்கச்சி, அவளுக்கு இவள் அக்கா. எனக்குப் பிடிக்கவில்லை. சமையல் செய்கிறவள் பேசக் கூடாது. எச்சில் தெறிக்கும்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, காலையில் மீன் ஏலம் பார்க்கப் போனார்கள் ரெண்டு பேரும். நான் போகவில்லை. மத்தியானம் இவளைச் சாப்பாட்டு மேஜையில் பார்த்தேன், அப்புறம் காணோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரூமுக்கு வந்தாள். கையெல்லாம் புளி வாசம், மஞ்சள் கறை.

"எங்க போன?"

"அடுக்களைக்கு."

"காசு குடுத்துத் தங்க வந்துட்டு அடுக்களையில என்ன வேல? போய் சோப்புப் போட்டுக் கையக் கழுவு."

கழுவினாள். கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளிய எங்கயும் போயிராதீங்க" என்றாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டாள்.

சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா? நான் என்ன ஜோசியனா?

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. நாளைக்கு என்ன சாப்பாடு என்று சாக்பீஸில் எழுதிப்போடுவான்கள். அன்றைக்குச் சாயங்காலம் அதைப் படித்தேன். 'சனிக்கிழமை மதியம்: தங்கபுஷ்பம் அம்மாள் மீன் குழம்பு.' எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கதவுக்குக் கப்பல்காரன் பேர் வைத்தவன், குழம்புக்கு எந்த ஜமீன்தாரிணி பேரையோ வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். செத்தவர்கள் பேரில் குழம்பு.

ஆமாம். இவள் பேர்தான் தங்கபுஷ்பம். அப்படிப் பார்க்காதீங்க. நான் என்ன இவளைப் பேர் சொல்லியா கூப்பிடுகிறேன்? ஏட்டி என்றால் வருவாள். இந்தா என்றால் வருவாள். அந்தப் பேரை நான் ரேஷன் கார்டில் பார்த்ததோடு சரி. பலகையில் பார்த்தால் சட்டென்று தோன்றுமா?

இன்று காலை ஏழு மணி. இவள் ஜெசிந்தாளோடு கோயில் பார்க்கப் போயிருந்தாள். மாதா கோயில். நமக்கு எந்தக் கோயிலானால் என்ன, செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாளே என்றுதான் எனக்குக் கவலை, கொக்கிப்புழு ஏறும். நான் சும்மா அடுக்களைப் பக்கம் போனேன். சும்மாதான். ரெண்டு நாளாக அந்த அடுக்களையைப் பார்க்காமல் இருந்ததே பெரிசு.

கூட்டுகிற பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள். அடுப்பு மேடையில் ஒரு பெரிய மண்சட்டி, இருபது பேருக்குக் காணும். மேலே மூங்கில் தட்டு. தூக்கிப் பார்த்தேன். மீன் குழம்பு. மேலே எண்ணெய் பிரிந்து மிதக்கிறது. சூடு இல்லை. சட்டியைத் தொட்டுப் பார்த்தேன், குளுகுளுவென்று இருக்கிறது.

"எப்ப வச்சது?"

"நேத்து சாயங்காலம் சார்."

"ஃப்ரிட்ஜுல வைக்கலையா?"

"மண்சட்டிய யாராவது ஃப்ரிட்ஜுல வைப்பாங்களா சார்? அப்படியே கெடந்து ஊறணுமாம். நேத்து வச்ச கொழம்புதான் ருசின்னாங்க."

நேற்று வைத்த குழம்பு. பதினாலு மணி நேரம். வெளியில். கடல் காற்றில். மீன். அதைக் குழந்தை குட்டியோடு வந்திருக்கிற இருபது பேருக்குப் போடப்போகிறான்கள். தம்பி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? என் வீட்டில் நாற்பத்தொரு வருஷமாக மறுநாள் குழம்பு என்பதே கிடையாது. ராத்திரி மிச்சம் இருந்தால் நானே எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வருவேன். கல்யாணமான புதிதில் ஒருநாள், "ஒரு கரண்டி மட்டும், காலையில பழையதுக்கு" என்றாள். ஒருநாள்தான் கேட்டாள். அப்புறம் கேட்டதில்லை. புரிந்துகொண்டாள்.

ரூமுக்குப் போனேன். குப்பியை எடுத்து வந்தேன். ஊற்றினேன்.

வெள்ளை வெள்ளையாகத் திரிந்தது. வாசம் கூடம் வரைக்கும் போயிருக்கும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும் தம்பி, சொல்லக் கூடாது, ரிட்டயர் ஆகிப் பதினாலு வருஷம் ஆச்சே.

அந்த நேரத்தில் ஜெசிந்தாள் உள்ளே வந்தாள். "ஐயோ மாதாவே" என்று ஒரு சத்தம். "யாரு கொழம்புன்னு தெரியுமா சார் ஒங்களுக்கு?"

"யாரு கொழம்பா இருந்தா என்ன? பழசு பழசுதான்."

பின்னாலேயே இவள் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். என் கையில் இருந்த குப்பியைப் பார்த்தாள். போய்விட்டாள். தலையில் சூடியிருந்த பூவிலிருந்து ஒன்றிரண்டு உதிர்ந்து கிடந்தது. சமையல் அறையில் பூ. அதையும் நான்தான் எடுத்துப் போட்டேன்.

அப்போதும் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மத்தியானம்தான் தெரிந்தது.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. பெங்களூர்க் குடும்பம் ஒன்று, ரெண்டு வெள்ளைக்காரக் கிழவிகள், மதுரையில் இருந்து ஒரு டாக்டரும் அவர் சம்சாரமும், இன்னும் யார் யாரோ. எல்லாருக்கும் இலை போட்டாச்சு. இவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். செங்கல் கலர், மகன் கல்யாணத்துக்கு எடுத்தது. அதை எதற்கு எடுத்து வைக்கிறாள் என்று ஊரிலேயே கேட்டேன். கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். கையில் கரண்டி இல்லை, ஒன்றும் இல்லை.

"எல்லாரும் மன்னிக்கணும். இன்னைக்குக் கொழம்பு கெடையாது. நேத்து சாயங்காலம் நான்தான் வச்சேன். பாறை மீனு. எங்க அம்மா வைக்கிற மாதிரி. காலையில எங்க வீட்டுக்காரரு அதுல பினாயில் ஊத்திட்டாரு. ரசமும் அவியலும் இருக்கு. சாப்பிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை. பிறகு ரசம் ஊற்ற ஆரம்பித்தாள்.

சபையில் சொல்லிவிட்டாள் தம்பி! இருபது பேருக்கு முன்னால்! வெள்ளைக்காரிகளுக்கு எவனோ இங்கிலீஷில் வேறு சொல்லிக் கொடுத்தான், ரெண்டும் என்னையே பார்த்தன. நாற்பத்தொரு வருஷத்தில் இவள் என்னைப் பற்றி வெளியாளிடம் ஒரு சொல் சொன்னதில்லை. என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது?

அந்த டாக்டர் சும்மா இருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. "என்ன சார், மீன் கொழம்பு மறுநாள்தான சார் மீன் கொழம்பு? புளி இருக்கே, கெடாதே."

"எத்தன டிகிரியில வச்சிருந்தாங்கன்னு தெரியுமா?"

"நெதமும் எங்க வீட்டுல அதுதான் சார். உசுரோடதான இருக்கேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. எம்.பி.பி.எஸ். படித்தவன். இவனிடம் எவன் வைத்தியம் பார்ப்பான்?

சாப்பாடு முடிந்து ரூமுக்கு வந்தாள். பெட்டியைக் கட்டு என்றேன்.

"இன்னும் ஒரு ராத்திரி இருக்கு."

"இருந்தா என்ன? இனிமே இந்த நாத்தத்துல ஒரு நிமிசம் இருக்க மாட்டேன். ரெண்டரைக்கு வண்டி."

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"தனியாவா?"

"ஜெசிந்தா இருக்கா."

"ஏட்டி, ஒரு கொழம்புக்கா இம்புட்டு?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த நாலு தூண் கட்டிலில். "கொழம்புக்கு இல்ல" என்றாள்.

பின்னே எதற்கு? கேட்டேன். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொசு வரும் என்றேன். மூடவில்லை.

எல்லாம் அந்த மேனேஜர் பையன் கெடுத்தது. நேற்று அடுக்களையில் இவள் வைத்ததை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, சீசன் முழுக்க இங்கயே இருந்திருங்களேன், பின்னாடி ரூம் ஒண்ணு காலியாத்தான் கெடக்கு" என்றானாம். ஜெசிந்தாள்தான் சொன்னாள், என்னவோ பெரிய பட்டம் கிடைத்த மாதிரி. ஓட்டல்காரன் பேச்சு அப்படித்தான் இருக்கும். வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்வான். உப்பு இலாகாக் கட்டடத்தில் அடுப்பு ஊதவா இவளைக் கட்டிக்கொண்டு வந்தேன்?

அதனால்தான் டிக்கெட் ரெண்டு எடுத்தேன். வந்துவிடுவாள் என்று தெரியும். வண்டி உறுமினதும் ஓடி வருவாள், பெண்பிள்ளைகள் அப்படித்தான். வந்தது ஜெசிந்தாள். மூச்சிரைக்க ஓடி வந்து, ஜன்னல் வழியாக இந்தப் பையை என் மடியில் போட்டாள்.

"அக்கா குடுத்தாங்க சார்."

"அவ எங்க?"

"கடக்கரையில நிக்காங்க."

அவ்வளவுதான். வண்டி எடுத்துவிட்டான்.

இன்னும் பிரிக்கவில்லை. மணி நாலா? மாத்திரை போட வேண்டும். பிரஷர். இதில்தான் இருக்கும். கொஞ்சம் பிடிங்க இந்தப் பக்கத்தை.

ம். மாத்திரை டப்பா. இதென்ன, மொத்தத்தையும் கட்டியிருக்கிறாள்? மாச மாத்திரை முழுக்க. டாக்டர் சீட்டு. நாளைக்கு ஒருநாளைக்கு வைத்தால் போதாதா? கூறு கிடையாது.

இது வீட்டுச் சாவி. என் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. இது இவளுடையது. ஊக்கோடு கிடக்கிறது பாருங்க. இடுப்பில் குத்தியே வைத்திருப்பாள், குளிக்கிறபோது மட்டும்தான் எடுப்பாள். மறந்து உள்ளே போட்டிருக்கிறாள். நாளைக்கு நான் எங்கேயாவது போயிருந்தால் வாசலில் நிற்கப்போகிறாள். வயசாகிவிட்டது அவளுக்கும்.

இது என்ன காகிதம்? பங்களா காகிதம், மேலே படம் எல்லாம் போட்டிருக்கிறது. என் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் இருக்கு. நீங்கள் படிங்க. சத்தமாகப் படிங்க, எனக்கு என்ன ரகசியம்.

கேஸை மூட வலப் பக்கம் திருக வேண்டும் என்கிறாளா? தெரியும். ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. சரி. பால்காரர் பேர் சுடலைமுத்து, ஆறு மணிக்கு வருவார், பாத்திரம் வெளியே வைக்க வேண்டும். வீடு கூட்ட எதிர்வீட்டு ராஜாத்தியிடம் கேட்டால் ஆள் சொல்வாள்.

கூட்டுவதற்கு ஆளா? எதற்கு? ஒரு நாள் கூட்டாவிட்டால் குடி முழுகிவிடுமா?

மேலே படிங்க. அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி டாக்டர். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் போக வேண்டும். தீபாவளி சீட்டு முடிந்தால் பாத்திரத்தை வாங்கி மகனுக்கு எடுத்து வைக்க வேண்டும்.

தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கிறது. இதை இப்போது எதற்கு எழுதினாள்?

அவ்வளவுதானா? எந்த வண்டிக்கு வருகிறாள் என்று போட்டிருப்பாளே. கீழே பாருங்க. ஓரத்தில் பாருங்க, நுணுக்கி எழுதுவாள் அவள்.

என்ன தம்பி, காகிதத்தை மடிக்கிறீங்க? கொடுங்க இங்கே. இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்க. பின்பக்கம் திருப்பிப் பாருங்க.